மும்பைக் குன்றுகள் பிறந்த கதை

(வளர்கல்வி மையக் கூட்டங்களில் படிப்பதற்கான உரை)



இன்று கல்லைப் பற்றிப் பேசுவோம்.

கல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? நிறைய இருக்கிறது. மழைக்காலத்தில் சிலருடைய உயிரைக் காக்கும் செய்தியும் அதில் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருவோம்.

இரண்டு கற்கள்

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். சில வீடுகளில் ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மி இன்னும் ஒரு மூலையில் கிடக்கும். அதைக் கழுவி வெயிலில் வைத்துப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாகப் பொடிப்பொடியான மணிகள் தெரியும். உப்பும் மிளகும் கலந்து வைத்தது போல் இருக்கும்.

இப்போது ரோட்டோரம் கிடக்கும் ஒரு ஜல்லிக் கல்லை எடுங்கள். அதில் மணி தெரிகிறதா? பெரும்பாலும் தெரியாது. ஒரே கறுப்பு. மும்பையில் இதைக் 'காலா பத்தர்' என்பார்கள். தாராவியில் 'காலா கில்லா' என்ற பழைய கோட்டை இருக்கிறது. அது 1737-இல் கட்டப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. காலா கில்லா என்றால் கறுப்புக் கோட்டை.

இரண்டுமே கல்தான். ஏன் இந்த வேறுபாடு?

ஊர்க் கல் பூமிக்குள் மிக ஆழத்தில் உருவானது. அங்கே சூடு மெல்ல மெல்லத்தான் ஆறும். அதனால் மணிகள் பெரிதாக வளர்ந்தன. அதன் வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். மும்பைக் கல் அப்படி அல்ல. அது உருகிய குழம்பாக மேலே வந்தது. தரையில் பரவியது. காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறியது. மணிகள் வளர நேரம் இல்லை. இந்தக் கல்லுக்குப் பசால்ட் என்று பெயர். எரிமலைக் கல் என்றும் சொல்லலாம்.

ஆம். மும்பை நகரம் எரிமலைக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. செம்பூருக்குப் பக்கத்தில் உள்ள ட்ராம்பே மலை எரிமலைக் கல். சயான் கோட்டை இருக்கும் குன்றும் எரிமலைக் கல். கடலுக்கு நடுவே உள்ள எலிபெண்டா குகைகளைக் குடைந்ததும் எரிமலைக் கல்லில்தான்.

இந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது?

பூமிக்குள் இருப்பது என்ன?

பூமியின் மேல்பகுதி ஓர் ஓடு போன்றது. அதை மேலோடு என்கிறோம். நிலப்பகுதிகளில் இந்த ஓடு பொதுவாக 30 முதல் 40 கிலோமீட்டர் கனம் இருக்கும். தாதரிலிருந்து டோம்பிவிலிக்கு ரயிலில் போகிறோம் அல்லவா? ஏறக்குறைய அவ்வளவு தூரம் கீழே போனால்தான் ஓடு முடியும்.

அதற்குக் கீழே எல்லாம் குழம்பாக இருக்கிறதா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கீழே இருப்பதும் பாறைதான். ஆனால் மிகச் சூடான பாறை. உருகும் அளவுக்குச் சூடு இருந்தும் அது உருகாமல் இருக்கிறது. ஏன்? மேலே உள்ள பாறை அதை அழுத்துகிறது.

வீட்டில் உள்ள குக்கரை நினைத்துப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிச் சூட்டில் கொதிக்கும். மூடிய குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகும். அங்கே அழுத்தம் அதிகம். அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கிறது. ஆவி அடங்கும் முன்னே மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் போய்விடும். தண்ணீர் ஒரே நொடியில் பொங்கிச் சீறும்.

பூமிக்குள்ளும் இப்படித்தான். மேலோடு இழுபட்டு மெலிந்தால் கீழே அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சூடான பாறையில் ஒரு பகுதி உருகும். அதுதான் கற்குழம்பு. அதன் சூடு 1,100 டிகிரிக்கும் மேல் இருக்கும்.

ஆக, முதல் பாடம் இது. மேலோடு அசைந்தால் குழம்பு பிறக்கிறது.

கல் ஆறாக ஓடிய காலம்

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேற்குப் பகுதியில் நிலம் பிளந்தது. அது எவ்வளவு நீண்ட காலம்? ஒரு விநாடிக்கு ஓர் எண் என்று இரவும் பகலும் நிற்காமல் எண்ணுங்கள். 6 கோடியே 60 லட்சம் எண்ணி முடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அப்போது நீண்ட பிளவுகள் வழியே குழம்பு வெளியே வந்தது. வெள்ளம் போல் பரவியது. ஆறியது. மறுபடியும் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் பரவியது. தோசைக்கு மேல் தோசை அடுக்கியது போல் அடுக்கு ஏறியது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தில் இந்தக் கல் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான பரப்பு! மேற்குப் பக்கம் சில இடங்களில் இதன் கனம் 2 கிலோமீட்டரைத் தாண்டும்.

தமிழ்நாட்டுக்குப் போகும் பல ரயில்கள் கர்ஜத், லோனாவாலா வழியாக மலை ஏறுகின்றன. கர்ஜத்தில் பின்னால் கூடுதல் எஞ்சின் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு ஜன்னல் வழியாக மலையைக் கவனியுங்கள். படிக்கட்டுப் போலத் தெரியும். ஒவ்வொரு படியும் ஒரு முறை ஓடிய குழம்பு. இந்தப் பாறைகளுக்கு 'டெக்கான் ட்ராப்' என்று பெயர். சுவீடன் நாட்டு மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது 'ட்ராப்'.

ஒரு வெள்ளத்துக்கும் அடுத்த வெள்ளத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளிகளும் இருந்தன. அப்போது குளங்கள் உண்டாயின. செடி முளைத்தது. தவளை வாழ்ந்தது. மும்பை வொர்லியில் இரண்டு எரிமலைக் கல் அடுக்குகளுக்கு நடுவே சின்னத் தவளைகளின் எலும்புகள் கிடைத்தன. 1847-இல் இங்கிலாந்து அறிவியலாளர் ரிச்சர்ட் ஓவன் அவற்றை ஆராய்ந்து பெயர் வைத்தார்.

இவ்வளவு குழம்பு வரக் காரணம் என்ன? பூமியின் ஆழத்தில் மிகச் சூடான ஓர் இடம் இருந்தது, அதன் மேல் அப்போது இந்தியா நகர்ந்து வந்தது என்று அறிவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். இந்தியா நகர்ந்து வடக்கே வந்துவிட்டது. அந்தச் சூடான இடத்தின் மேல் இன்று ரீயூனியன் தீவு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் அந்தத் தீவில் வாழ்கிறார்கள். அங்குள்ள எரிமலை இன்றும் அடிக்கடி குழம்பைக் கக்குகிறது.

நிலம் இழுபட்டது, வளைந்தது

இனித்தான் கதையின் முக்கியமான பகுதி.

கர்ஜத் பக்கம் போனால் பாறை அடுக்குகள் ஏறக்குறைய மட்டமாக இருக்கின்றன. மேசை மேல் அடுக்கிய புத்தகங்கள் போல் இருக்கின்றன. ஆனால் மும்பையில் அதே வகை அடுக்குகள் மேற்கே, கடலை நோக்கிச் சாய்ந்து கிடக்கின்றன. மட்டமாகப் பரவிய குழம்பு எப்படிச் சாய்ந்தது?

பன்வேல் வழியாக வடக்கு தெற்காக ஒரு நீண்ட கோட்டில் மேலோடு வளைந்திருக்கிறது. கிழக்கே மட்டம். மேற்கே சரிவு. இதற்குப் 'பன்வேல் வளைவு' என்று பெயர். இந்த வளைவைப் பற்றி 1860-களிலேயே எழுதியிருக்கிறார்கள். 1949-இல் ஆடன் என்ற நிலவியல் அறிஞர் இதை விரிவாக எழுதினார்.

ஏன் வளைந்தது? அந்தக் காலத்தில் மும்பைக்கு மேற்கே இன்று இருப்பது போலக் கடல் இல்லை. இன்று இந்தியப் பெருங்கடலில் தனியாக இருக்கும் சீஷெல்ஸ் தீவுகள் அப்போது இந்தியாவோடு ஒட்டி இருந்தன. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் பிரிந்தன. பிரியும்போது நிலம் இரு பக்கமும் இழுபட்டது. சப்பாத்தி மாவை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நடுவில் மெலியும். ஓரத்தில் தொய்யும். பிறகு கிழியும். அப்படித்தான் ஆயிற்று. கிழிந்த இடத்தில் கடல் புகுந்தது. இந்தியாவின் ஓரம் கடல் பக்கம் தொய்ந்து வளைந்தது.

வளையும் பொருளில் விரிசல் விழும். காய்ந்த மூங்கிலை வளைத்தால் வெளிப்பக்கம் பிளக்கிறது அல்லவா? மேலோட்டிலும் கடற்கரைக்கு இணையாக விரிசல்கள் விழுந்தன. கீழே குழம்பு காத்திருந்தது. விரிசல் வழி கொடுத்தது. குழம்பு ஏறியது.

குழம்பும் சும்மா இருக்கவில்லை

குழம்பு கிடைத்த வழியில் பேசாமல் ஏறிவிட்டுப் போகிறதா? இல்லை. அது விரிசலை இன்னும் பிளக்கும்.

கல் உடைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாறையில் வரிசையாகக் குழி எடுப்பார்கள். ஆப்பு வைப்பார்கள். ஆப்பை அடிக்க அடிக்கப் பாறை நேர்க்கோட்டில் பிளந்துவிடும். அழுத்தத்தோடு ஏறும் குழம்பும் ஓர் ஆப்புதான். விரிசலின் முனையில் புகுந்து அதை நீளமாக்கும். இரு பக்கமும் தள்ளி அகலமாக்கும். பக்கத்துப் பாறையைச் சூடாக்கி இளக்கும். இளகிய பாறை இன்னும் சுலபமாக வளையும். மேலே பரவிய குழம்பின் பாரமும் நிலத்தை அழுத்தும்.

இப்போது இரண்டாம் பாடம். குழம்பு ஏறினால் மேலோடு மேலும் அசைகிறது.

இரண்டு பாடத்தையும் சேர்த்துப் பாருங்கள். நிலம் அசைகிறது, குழம்புக்கு வழி பிறக்கிறது. குழம்பு ஏறுகிறது, நிலம் மேலும் அசைகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் கை கொடுக்கிறது. மலை பிறப்பது இப்படித்தான்.

விரிசலுக்குள் ஆறிய குழம்பு, பாறைக்குள் கட்டிய சுவர் போல நிற்கும். அதை 'டைக்' என்பார்கள். மும்பையைச் சுற்றிலும் கொங்கண் கரையிலும் இப்படிப்பட்ட கற்சுவர்கள் நிறைய இருக்கின்றன. பல சுவர்கள் வடக்கு தெற்காக, கடற்கரைக்கு இணையாகவே ஓடுகின்றன. நிலம் எந்தப் பக்கம் இழுபட்டது என்பதற்கு அவையே சாட்சி. கிழக்கு மேற்காக இழுத்தால் வடக்கு தெற்காகத்தானே கிழியும்?

எது முதலில்? எது பிறகு?

6 கோடி ஆண்டுக்கு முன் நடந்ததை யார் பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. யாரும் பார்க்கவில்லை. ஆனால் பாறையைப் பார்த்து முறை கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு சின்ன விதி உண்டு. வெட்டிக்கொண்டு போவது இளையது. வெட்டுப்பட்டது மூத்தது.

வீட்டுச் சுவரில் ஒரு விரிசலைப் பாருங்கள். விரிசலுக்குள் சிமெண்ட் பூசியிருக்கிறது. எது முதலில்? சுவர் முதலில். விரிசல் பிறகு. சிமெண்ட் கடைசியில். இதைச் சொல்ல யாரும் சாட்சி வேண்டாம்.

அதே போலப் பன்வேல் வளைவுப் பகுதியில் சில கற்சுவர்கள், பாறை அடுக்கோடு சேர்ந்து தாங்களும் சாய்ந்திருக்கின்றன. அவை நிலம் வளைவதற்கு முன்பே ஏறியவை. வேறு சில, சாய்ந்த அடுக்கை வெட்டிக்கொண்டு நேராக நிற்கின்றன. அவை வளைந்த பிறகு ஏறியவை. ஆக, குழம்பு ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போகவில்லை. நிலம் வளைவதற்கு முன்னும் வந்தது. பின்னும் வந்தது.

அந்தேரியில் உள்ள கில்பர்ட் ஹில் கடைசிக் காலத்தில் வந்த குழம்பு. சுமார் 200 அடி உயரத்துக்குக் கல் தூண்கள் கட்டுக்கட்டாக நிற்கின்றன. உச்சியில் அம்மன் கோயில் இருக்கிறது. அந்தத் தூண்களை யாரும் செதுக்கவில்லை. ஈரக் களிமண் காய்ந்தால் கட்டம் கட்டமாக வெடிக்கிறது அல்லவா? குழம்பு ஆறும்போதும் சுருங்கும். சுருங்கி வெடித்துத் தூண் தூணாகப் பிரியும். இதன் வயதை அறிவியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். சுமார் 6 கோடி ஆண்டு. பெரிய வெள்ளம் ஓடி முடிந்து 50 லட்சம் ஆண்டுக்கும் மேல் ஆன பிறகு வந்த குழம்பு அது.

இன்றும் நடக்கிறது

இது பழங்கதை மட்டும் அல்ல. ஐஸ்லாந்து என்று ஒரு நாடு உண்டு. அங்கே நிலம் இன்றும் இரு பக்கமாக இழுபடுகிறது. 2023 நவம்பர் 10-ஆம் தேதி, கிரிண்டவிக் என்ற மீனவர் ஊரில் நிலம் விடாமல் நடுங்கியது. ஊருக்கு அடியில் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழம்பு ஒரு சுவர் போலப் புகுந்தது. தெருக்கள் பிளந்தன. தரையின் ஒரு பகுதி இறங்கியது.

அன்று இரவே ஊர் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். அறிவியலாளர்கள் கருவிகளை வைத்து நிலத்தின் அசைவைக் கவனித்து வந்தார்கள். அதனால் நேரத்தோடு எச்சரிக்க முடிந்தது.

மும்பையில் அந்தப் பயம் இல்லை. இங்கே எரிமலை அணைந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன.

அழுத்தினாலும் மலை பிறக்கும்

இழுத்தால்தான் இப்படி நடக்குமா? அழுத்தினாலும் நடக்கும். இமயமலையைப் பாருங்கள்.

இந்தியா வடக்கே நகர்ந்து போய்ச் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. பாயின் ஓரத்தைத் தள்ளினால் மடிப்பு விழுவது போல நிலம் மடிந்து எழுந்தது. ஒரு பாறை மற்றொரு பாறையின் மேல் ஏறியது. மேலோடு இரு மடங்கு கனம் ஆயிற்று.

கனமான போர்வைக்குள் சூடு தங்கும் அல்லவா? அடியில் புதைந்த பாறையிலும் சூடு ஏறியது. ஒரு பகுதி உருகியது. உருகிய குழம்பு மடிப்புகளின் இடுக்கில் புகுந்து கிரானைட் கல்லாக ஆறியது. அது நடந்து சுமார் 2 கோடி ஆண்டு ஆகிறது. உருகிய அடுக்கு வழுக்கலாக இருந்ததால் மேலே இருந்த பாறை இன்னும் சுலபமாக நகர்ந்தது. இங்கும் அதே பாடம்தான். மடிப்பு குழம்பை உண்டாக்கியது. குழம்பு மடிப்புக்கு உதவியது.

மேற்குத் தொடர்ச்சி மலை இமயமலை போல் மடிந்து எழுந்தது அல்ல. கிழிந்த நிலத்தின் உயர்ந்த ஓரம் அது. மழையும் ஆறும் பாறையை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயின. சரக்கை இறக்கினால் படகு தண்ணீரில் சற்று மேலே எழுகிறது அல்லவா? அது போல அரிக்கப்பட்டுப் பாரம் குறைந்த நிலமும் மெல்ல எழுந்தது. இந்தப் பாறையில் மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரம் கல்சுபாய். உயரம் 1,646 மீட்டர்.

இதனால் நமக்கு என்ன?

இப்போது வீட்டு வாசலுக்கு வருவோம்.

மாட்டுங்காவிலும் தாராவியிலும் ஏன் மழை நீர் தேங்குகிறது? சாய்ந்த பாறை அடுக்குகளில் கெட்டியானவை குன்றுகளாக நின்றன. கிழக்கே சிவ்ரி, சயான் பக்கம் ஒரு வரிசை. மேற்கே மலபார் ஹில், வொர்லி பக்கம் ஒரு வரிசை. நடுவே பள்ளம். பழைய சதுப்பு நிலத்தையும் நீரோடைகளையும் தூர்த்துத்தான் பல பேட்டைகள் எழுந்தன. மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் எங்கே போகும்? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு பொங்கியது. அந்த நாளை மும்பையில் மறந்தவர் இல்லை. ஆகவே நாலாவில் குப்பை கொட்டாமல் இருப்பதும், அதைத் தூர் வாரச் சொல்லிக் கேட்பதும் நம் உரிமை, நம் கடமை.

தாணே மாவட்டத்தில் வஜ்ரேஸ்வரி, கணேஷ்புரி வெந்நீர் ஊற்றுகளுக்குப் பலர் போய் வந்திருப்பீர்கள். கீழே எரிமலை எரிகிறதோ என்று பயப்பட வேண்டாம். மழைநீர் பழைய பிளவுகள் வழியே மிக ஆழம் போகிறது. பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அவ்வளவுதான்.

பிளவுகள் தண்ணீரைக் கொடுக்கும். சில இடங்களில் உயிரையும் எடுக்கும்.

எரிமலைக் கல் உறுதியானதுதான். ஆனால் அதில் விரிசல்கள் அதிகம். கோடிக்கணக்கான ஆண்டு மழையும் வெயிலும் பட்டு, மேல்பகுதி உளுத்து மண்ணாகிறது. கெட்டிப் பாறைக்கு மேலே உளுத்த மண். அந்த மண்ணில் மழைநீர் ஊறினால் பாரம் கூடும். பிடிப்பு விடும். சரிவில் அப்படியே வழுக்கி இறங்கும். அடிவாரத்தை வெட்டினாலும், மரத்தை அழித்தாலும், தண்ணீர் போகும் வழியை அடைத்தாலும் ஆபத்து கூடும்.

2014 ஜூலை 30 அன்று புணே மாவட்டத்தில் மாலின் என்ற கிராமம் மண்ணுக்குள் புதைந்தது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 ஜூலை 19 இரவு, ராய்கட் மாவட்டத்தில் இர்ஷால்வாடி என்ற ஆதிவாசிக் கிராமத்தின் மேல் மலை சரிந்தது. 27 உடல்கள் கிடைத்தன. 57 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இரண்டும் இந்த எரிமலைக் கல் மலைகள்தான்.

மும்பைக்குள்ளும் நடந்தது. 2021 ஜூலை 18 அதிகாலையில் பேய்மழை. செம்பூர் மாகுல் பகுதியில் பாரத் நகரில் சரிவில் இருந்த சுவர் இடிந்து குடிசைகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 19 பேர் இறந்தார்கள். அதே மழையில் விக்ரோலியிலும் மலைச் சரிவில் இருந்த வீடுகள் இடிந்து பலர் இறந்தார்கள்.

மலைச் சரிவில் யாரும் ஆசைப்பட்டுக் குடியிருப்பதில்லை. வாடகை கட்டுப்படி ஆகாததால்தான் போகிறார்கள். பாதுகாப்பான வீடு கேட்பது அவர்கள் உரிமை. அது கிடைக்கும் வரை உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மலையைக் கவனிக்கத் தெரிய வேண்டும்.

மலை தரும் அடையாளங்கள்

சரிவதற்கு முன் மலை பல முறை அடையாளம் காட்டும். இவற்றை நினைவில் வையுங்கள்.

தரையிலோ சுவரிலோ புதிய விரிசல் விழுகிறது. பழைய விரிசல் அகலமாகிறது.

நேற்று வரை சரியாகச் சாத்திய கதவு இன்று சிக்குகிறது.

மரமோ மின்கம்பமோ வேலியோ ஒரு பக்கம் சாய்கிறது.

தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. அதன் துளைகளில் தண்ணீர் வராமல் அடைத்துக்கொண்டிருக்கிறது.

தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருகிறது. வந்த தண்ணீர் திடீரென்று நின்றுவிடுகிறது.

மேலேயிருந்து சிறு கற்கள் உருண்டு வருகின்றன. பாறை உராயும் சத்தம் கேட்கிறது.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பக்கத்து வீட்டாரிடம் உடனே சொல்லுங்கள். மாநகராட்சிக்கு 1916 என்ற எண்ணில் பேசுங்கள். பெருமழை என்றால் குழந்தைகளையும் முதியவர்களையும் முதலில் வெளியே அனுப்புங்கள். பானை, பெட்டி, டிவி எல்லாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம். சரிவுக்கு நேர் கீழே ஓடாதீர்கள். சரிவுப் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

எல்லாச் சரிவும் அடையாளம் காட்டிவிட்டு வராது. ஆகவே மழை கொட்டும் இரவில் ஒருவராவது விழித்திருப்பது நல்லது.

நண்பர்களே!

மலை கடவுள் ஒரே நாளில் வைத்த கல் அல்ல. நிலத்தின் அசைவும் கற்குழம்பும் சேர்ந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கட்டியது. கட்டியபோது விழுந்த விரிசல்கள் இன்னும் இருக்கின்றன. அந்த விரிசல் எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று சரிவில் குடியிருப்பவர் தெரிந்து வைத்திருப்பது, வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதைப் போன்றது.

கூட்டம் முடியும் முன் இந்தக் கேள்விகளைப் பேசுங்கள். உங்கள் பேட்டையில் பள்ளம் எது, மேடு எது? மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? அந்த வழி இப்போது திறந்திருக்கிறதா? உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது மலைச் சரிவில் குடியிருக்கிறார்களா? அவர்களிடம் இந்த அடையாளங்களைச் சொல்லப் போவது யார்? என்றைக்கு?

பெயரையும் நாளையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மழைக்காலம் வருவதற்கு முன் போய்ச் சொல்லிவிடுங்கள்.